சிலி நீலக் குரோக்கஸும் அதன் உறவினர்களும்: டெக்கோஃபிலியேசி குடும்பத்தை வளர்க்க முழுமையான வழிகாட்டி

பூக்களில் கலப்பில்லாத நீலம் அரிது. நீலம் என்று பெயர் சொல்லி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வெயிலில் வைத்துப் பார்த்தால் ஊதாவாகத்தான் இருக்கும். சந்தேகத்துக்கு இடம் வைக்காத நீலம் ஒன்று தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், சான்டியாகோ நகரை அடுத்த ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் பூக்கிறது. டெக்கோஃபிலியா சயனோகுரோக்கஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். தோட்டக்காரர்கள் ‘சிலி நீலக் குரோக்கஸ்’ என்பார்கள். ஒரு சாண் உயரம்கூட வளராத செடி. ஆனால் அந்த நிறத்துக்காக மலையிலிருந்து கிழங்குகளை அள்ளிக்கொண்டே இருந்தார்கள். மிஞ்சியதைக் கால்நடைகள் மேய்ந்தன. இயற்கையில் அது அடியோடு அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2001இல் சான்டியாகோவுக்குத் தெற்கே ஓரிடத்தில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் வம்சம் அறுந்துபோகாமல் காத்தவர்கள், தொட்டிகளில் வளர்த்துப் பெருக்கி ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர்கள்தான்.

இந்தச் செடி இடம்பெறும் குடும்பத்துக்கு டெக்கோஃபிலியேசி என்று பெயர். அஸ்பராகேல்ஸ் என்ற தாவர வரிசையில் வருகிறது. மொத்தமே ஒன்பது பேரினங்கள், ஏறத்தாழ 27 சிற்றினங்கள். சிலியிலும் கலிஃபோர்னியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சிதறிக் கிடக்கும் இவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் தண்டடிக்கிழங்கை (தண்டின் அடி பருத்து உருவாகும் கிழங்கை) வைத்துக்கொண்டு பிழைப்பவை. முதன்மைப் பேரினத்தின் பெயர், இத்தாலியத் தாவரவியலாளர் லூயிஜி கொல்லாவின் மகளும் தாவர ஓவியருமான டெக்கோஃபிலா பில்லோட்டியை நினைவுகூர்கிறது.

வளர்ப்பு நூல்கள் பெரும்பாலும் ‘எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில்’ என்று தொடங்குகின்றன. இந்தக் குடும்பத்துக்கு அந்த வரிசை சரிப்படாது. ‘இதன் பூர்விகத்தில் மழை எப்போது பெய்கிறது’ என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் பூவாளியைக் கையில் எடுக்க வேண்டும். கிழங்கு அழுகிப்போன கதைகளில் முக்கால்வாசிக்கு மூலகாரணம் தண்ணீரின் அளவில் இல்லை. தண்ணீர் ஊற்றிய மாதத்தில் இருக்கிறது.

படி 1: எந்தச் செடி, எந்த மழை

குளிர்காலத்தில் மழை பெற்று வளர்ந்து, கோடையில் வறண்டு உறங்குபவை முதல் கூட்டம். குடும்பத்தின் பெரும்பகுதி இதில்தான் அடங்கும்.

சிலியில் மூன்று பேரினங்கள் உண்டு. டெக்கோஃபிலியாவில் இரண்டு சிற்றினங்கள்: மேலே சொன்ன சயனோகுரோக்கஸ், அதைவிடச் சிறிய பூக்கள் கொண்ட வயோலிஃப்ளோரா. முன்னது ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரையுள்ள கல் நிறைந்த சரிவுகளுக்கு உரியது. பின்னது தாழ்வான பகுதிகளில் பரவலாகக் காணப்படுவது. நிறத்தில் முன்னதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பதால் யாரும் தேடிப் போவதில்லை. கோனந்தெரா பேரினத்தின் செடிகள் மெல்லிய கிளைத்தண்டுகளில் நீலமும் ஊதாவுமான பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும். இவற்றில் கோனந்தெரா பைஃபோலியாவின் கிழங்கை சிலி நாட்டு மக்கள் தோண்டி உண்டிருக்கிறார்கள். மூன்றாவது செஃபைரா. இது அட்டகாமா பாலைவனத்தின் கடலோரத்தைச் சேர்ந்தது. எல் நினோ ஆண்டுகளில் அங்கே நல்ல மழை விழுந்தால் பாலைவனமே பூத்துக் குலுங்கும். அந்தக் கூட்டத்தில் வெளிர்நீலப் பூக்களோடு இதுவும் நிற்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே பொறுத்திருக்கும்.

கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு சிற்றினம்: ஒடொன்டொஸ்டோமம் ஹார்ட்வெகி. சியரா நெவாடா அடிவாரக் குன்றுகளின் களிமண்ணிலும் பாம்புக்கல் (சர்பென்டைன் பாறை) மண்ணிலும் வளர்வது. வெண்மையும் இளமஞ்சளும் கலந்த பூக்கள். அழகுக்காக இதை யாரும் வாங்க மாட்டார்கள். குடும்பத்தில் ஒன்றைக்கூட விட்டுவைக்க மனமில்லாதவர்களுக்கான செடி இது.

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சயனெல்லா. தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். சயனெல்லா ஹயசிந்தாய்ட்ஸ் பரவலாக வளர்வது. வெளிர்நீலம் கலந்த ஊதாப் பூக்கள், மணமும் உண்டு. சயனெல்லா ஆல்பாவில் நூல் போன்ற இலைகள், ஒவ்வொரு காம்பிலும் ஒரு பூ. சயனெல்லா லூட்டியா மஞ்சள். நமக்குவாலாந்து பகுதியின் சயனெல்லா ஆர்கிடிஃபார்மிஸ் அகன்ற இலைகளும் இளஞ்சிவப்பு ஊதாப் பூக்களும் கொண்டது. அஃப்ரிகான்ஸ் மொழியில் இப்பேரினத்தை ‘ராப்டோல்’ என்பார்கள். கிழங்கைச் சுட்டுத் தின்னும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. சயனெல்லாவிலிருந்து பிரித்தெடுத்த எரிமியோலிரியன் என்ற தனிப் பேரினமும் நமீபியப் பக்கம் உண்டு. ஆனால் வளர்ப்பவர்கள் கைக்கு அது வருவது அபூர்வம்.

இரண்டாவது கூட்டம் கோடை மழைக்காரர்கள், வெப்பமண்டல ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். வாலெரியா பேரினத்தில் மூன்று சிற்றினங்கள். அவற்றில் மெக்கென்சியையும் நூட்டன்ஸும் கோடை மழையில் வளர்பவை. மூன்றாவதான கிராசிலிஸ் மட்டும் தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில் குளிர்கால மழையில் வளர்கிறது. ஆகவே பேரினத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தண்ணீர் விடுவது இங்கே ஆபத்து. இவற்றோடு கபுயேயா, சயனாஸ்ட்ரம் இரண்டும் வருகின்றன. முன்னது தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளுக்குரியது. கிழக்கு ஆப்பிரிக்கத் தாவரவியலாளர் கிறிஸ்டின் கபுயேயின் பெயரால் 1998இல் தனிப் பேரினமானது. சயனாஸ்ட்ரம் கார்டிஃபோலியம் நைஜீரியா, கேமரூன், காபோன் மழைக்காடுகளின் தரைச்செடி. இதய வடிவ இலை, நீலப் பூ, அடர்ந்த நிழல். ஒரு காலத்தில் சயனாஸ்ட்ரத்தைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள்.

இங்கிருந்து படி 7 வரை சொல்வதெல்லாம் முதல் கூட்டத்துக்கு. இரண்டாவது கூட்டத்தைக் கடைசியில் பார்ப்போம்.

படி 2: கிழங்கை வாங்குவதும் சோதிப்பதும்

மலையிலிருந்து தோண்டியெடுத்த கிழங்கை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். சயனோகுரோக்கஸ் பட்ட பாடு போதும். நாற்றங்காலில் விதையிலிருந்தோ சேய்க்கிழங்கிலிருந்தோ வளர்த்ததுதான் என்பதை விற்பவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். நாடுவிட்டு நாடு வருவதென்றால் தாவர நலச் சான்றிதழும் தேவை. இது இல்லாமல் அஞ்சலில் வரும் பொட்டலம் சுங்கத்தில் அழிக்கப்பட்டால் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

டெக்கோஃபிலியாவின் கிழங்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள சிறிய உருண்டை. அதன் மேல் நார்நாராக உலர்ந்த உறை இருக்கும். கையில் எடுத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். உறையை இலேசாக விலக்கி உச்சியில் இருக்கும் முளையைப் பாருங்கள்: அது நறுக்கென்று, வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும், பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அந்த ஆண்டு பூ இல்லை. அடுத்து அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. கடைசியாக உறைக்கும் கிழங்குக்கும் இடையில் வெள்ளைப் பஞ்சு தெரிகிறதா என்று கவனியுங்கள். மாவுப்பூச்சிகள் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. இலேசான சுருக்கம் ஒரு குறையல்ல. உறங்கும் கிழங்கு கொஞ்சம் நீரை இழந்திருக்கும், வேர்விட்டதும் தேறிவிடும்.

வெங்காயம் போன்ற குமிழங்களைக் குறுக்கே வெட்டினால் அடுக்கடுக்கான செதில்கள் தெரியும். தண்டடிக்கிழங்கில் அடுக்கு எதுவும் இல்லை. உள்ளே முழுக்கத் திடமான தண்டுத் திசு. குங்குமப்பூவுக்கும் கிளாடியோலஸுக்கும் இருப்பது இதே வகைதான். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து, தன் மேலேயே புதிய கிழங்கை உருவாக்கிவிட்டு வற்றிப்போகும். இப்போது உங்கள் கையில் இருக்கும் கிழங்கு அடுத்த ஆண்டு இருக்காது. அதன் வாரிசுதான் இருக்கும். அந்த வாரிசு உருவாக இலைகள் பச்சையாக இருக்கும் சில வாரங்கள் மட்டுமே வாய்ப்பு. பின்னால் உரத்தையும் நீரையும் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் கிழங்குகள் தனிச் சிக்கல். சிலியிலோ தென்னாப்பிரிக்காவிலோ கிழங்குகள் உறங்கும் மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது தோண்டி அனுப்பியது வட அரைக்கோளத்துக்கு வந்து சேரும்போது இங்கே குளிர்காலம் முடியும் தறுவாய். உடனே நட்டால் முளை வெளியே வந்ததும் கோடை எதிர்கொள்ளும். இலையை வெயில் பொசுக்கிவிட்டால் புதிய கிழங்கு உருவாகாது. உலர்ந்த மணலில் புதைத்து, குளிர்ச்சியான இருட்டில் அடுத்த இலையுதிர் காலம்வரை வைத்திருப்பதே மேல். நீண்ட உறக்கத்தில் சில இழப்புகள் ஏற்படும். விதைக்கு இந்தத் தொல்லை இல்லை. காகித உறையில் போட்டுக் காத்திருந்தால் போதும். அரைக்கோளம் மாற்றுவதென்றால் விதையே புத்திசாலித்தனம்.

படி 3: மண்ணும் தொட்டியும்

பாதிக்குப் பாதி கூர்மணல் அல்லது பொடிக்கல். மீதிப் பாதியில் நல்ல தோட்டமண்ணும் சலித்த இலைமக்கும். கடையில் விற்கும் கரிமக் கலவையை மட்டும் நம்பாதீர்கள்: ஈரமாக இருக்கும்போது நீரைப் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் நீரை உறிஞ்ச மறுக்கும். ஆண்டில் பாதி மாதங்கள் காயப்போகும் தொட்டிக்கு அது உதவாது. கலவையை நனைத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரல்களைத் திறந்தால் கட்டி தானாக உடைய வேண்டும். உடையாவிட்டால் இன்னும் மணல் சேருங்கள். ஆற்றுமணலில் வழவழப்பான நுண்மணல் மிகுந்திருந்தால் அது இடைவெளிகளை அடைத்துவிடும். ஒன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள கரடுமுரடான துணுக்குகளே வேண்டும்.

ஒடொன்டொஸ்டோமத்துக்குக் களிமண்ணைக் கொஞ்சம் கூட்டலாம். சொந்த ஊரில் அது வளர்வதே அதில்தான்.

தொட்டி ஆழமாக இருக்கட்டும். டெக்கோஃபிலியாவுக்கு 15 சென்டிமீட்டர் போதும். சயனெல்லாவுக்கும் ஒடொன்டொஸ்டோமத்துக்கும் 20க்கு மேல். இவற்றின் கிழங்குகள் சுருங்குவேர்களைக் கொண்டு தங்களை ஆண்டுதோறும் கீழே இழுத்துக்கொள்ளும். ஆழமில்லாத தொட்டியில் அடித்துளைவரை போய் ஈரத்தில் உட்கார்ந்துவிடும். சுட்ட மண்தொட்டி நல்லது. அதைக் கழுத்துவரை மணலில் புதைத்து வைத்தால் இன்னும் நல்லது. உறக்க காலத்தில் தொட்டியின் வெப்பம் சட்டென்று ஏறாது.

படி 4: நடவு

இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் நடுங்கள். டெக்கோஃபிலியாவுக்கு கிழங்கின் மேல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மண், சயனெல்லாவுக்குப் பத்து. கிழங்குகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி. முளை மேல்நோக்கி. எது மேல் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் தானாகச் சரிசெய்துகொள்ளும். கிழங்கைச் சுற்றி ஒரு பிடி வெறும் மணல், தொட்டியின் மேற்பரப்பில் ஒரு விரல்கடை பொடிக்கல். மேலே போடும் கல் அழகுக்காகப் போடுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தண்டின் கழுத்தில் ஈரம் தங்காமல் காப்பது அதுதான்.

சிற்றினம், வந்த இடம், நட்ட நாள் மூன்றையும் பெயர்ப்பலகையில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். மை வெயிலில் மங்கும். உறங்கும் தொட்டிகளில் எது எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

படி 5: நீர், ஆண்டு முழுவதும்

முதல் தண்ணீர் எப்போது என்பதற்கு நாட்காட்டியைவிட வெப்பமானி நம்பத்தக்கது. இரவு வெப்பம் தொடர்ந்து 12, 13 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு ஒருமுறை அடிவரை நனையும்படி ஊற்றுங்கள். பிறகு முளை தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். முதல் தண்ணீருக்கு வேர்தான் முதலில் வரும். மேலே எதுவும் தெரியாது. இந்த வாரங்களில் ‘இன்னும் முளைக்கவில்லையே’ என்று திரும்பத் திரும்ப ஊற்றுவது கிழங்கைக் கொல்லும்.

இலை தலைகாட்டியதும் நிலைமை தலைகீழ். இனி தொட்டி முழுதாகக் காயவே கூடாது. மேல் இரண்டு சென்டிமீட்டர் உலர்ந்ததும் ஊற்றுங்கள். பகல் வெளிச்சம் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் தேவை. குளிர்கால வெயிலைத் தடுக்க வேண்டியதில்லை. வெளிச்சம் குறைந்தால் டெக்கோஃபிலியாவின் இலைகள் நீண்டு துவண்டு, பூக்காம்பு நிற்க முடியாமல் சாயும்.

உறைபனியைப் பற்றி ஒரு முரண்பாடு உண்டு. ஆண்டிஸில் பனி மூடிய சரிவில் வளரும் செடி, தோட்டத்தில் ஏன் சாதாரண உறைபனிக்கே கருகுகிறது? மலையில் தடித்த பனிப்போர்வைக்குக் கீழே மண்ணின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பனி உருகிய பிறகுதான் இலை வெளிவரும். தொட்டியிலோ போர்வை கிடையாது, முளையும் நடுக்குளிரிலேயே வந்துவிடும். ஒன்றிரண்டு டிகிரி உறைபனியைத் தாங்கும் என்றாலும், கண்ணாடிச் சட்டத்துக்குள் அல்லது குளிர்ந்த பசுமைக்குடிலில் வைப்பதே முறை. சூடேற்றிய அறைக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தைப் பாதி வீரியத்தில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தக்காளிக்குக் கொடுக்கும் உரம் போதும். தழைச்சத்து மிகுந்தது வேண்டாம். இலை கொழுக்கும், கிழங்கு பருக்காது. பூ முடிந்ததும் பெரும்பாலானவர்கள் அந்தத் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டின் கிழங்கு பருக்கும் காலமே அப்போதுதான். இலை மஞ்சளாகும்வரை நீரும் உரமும் தொடர வேண்டும்.

கோனந்தெராவும் சயனெல்லாவும் இந்த விதிக்கு ஒரு குறுக்கு போடுகின்றன. இவற்றில் பூக்காம்பு ஏறும் வேளையில் அடியிலைகள் காயத் தொடங்கியிருப்பது வழக்கம். இலை போய்விட்டதே என்று நீரை நிறுத்தினால் மொட்டுகள் பாதியில் கருகும். காம்பு பச்சையாக இருக்கும்வரை, முன்பைவிடக் குறைவாக, ஊற்றிக்கொண்டிருங்கள்.

படி 6: பூவைப் படிப்பதும் மகரந்தம் சேர்ப்பதும்

வட அரைக்கோளத்தில் டெக்கோஃபிலியா பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூக்கும். வாங்கியது உண்மையிலேயே அதுதானா என்று சரிபார்க்கும் நேரம் இது. குங்குமப்பூவின் பேரினமான உண்மையான குரோக்கஸில் சூலகம் மண்ணுக்கடியில் இருக்கும். பூவின் நீண்ட குழாயே காம்பு போலத் தோன்றும். டெக்கோஃபிலியாவில் உண்மையான காம்பு உண்டு; சூலகம் பூவின் அடியில் கண்ணுக்குத் தெரியும். குரோக்கஸ் இலையின் நடுவே ஓடும் வெள்ளைக் கோடும் இதில் கிடையாது. மாதிரி வடிவம், அதாவது இந்தச் சிற்றினத்தின் இயல்பான வடிவம், அடர்நீலம், தொண்டையில் வெண்மை. மையத்தில் வெண்மை பெரிதாகப் பரவி வெளிர்நீலமாக இருப்பது ‘லெய்க்ட்லினி’; ஜெர்மனியின் பாடன்-பாடனில் வாழ்ந்த தாவர ஆர்வலர் மாக்ஸ் லெய்க்ட்லினின் பெயரைத் தாங்கியது. ஊதாவாக இருந்தால் ‘வயோலேசியா’. மூன்றில் மாதிரி வடிவமே சிறந்தது என்பது என் கட்சி. லெய்க்ட்லினிக்கு வாதாடுபவர்களும் ஏராளம்.

ஒரு கைவில்லையை எடுத்துப் பூவுக்குள் பாருங்கள். ஆறு பூவிதழ்கள், ஆனால் வேலை செய்யும் மகரந்தத்தாள்கள் மூன்றுதான். மற்ற மூன்றும் மகரந்தம் தராத மலட்டுத்தாள்கள். இந்தக் குடும்பத்தில் பேரினங்களை இனங்காண மகரந்தத்தாள்களை எண்ணுவதே விரைவான வழி. செஃபைராவில் நான்கு வளமானவை, இரண்டு மலட்டுத்தாள்கள். கோனந்தெராவில் ஆறும் வளமானவை. ஆறும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். சயனெல்லா ஹயசிந்தாய்ட்ஸில் மேலே ஐந்து சிறியவை, கீழே தனியாக ஒரு பெரியது. ஆர்கிடிஃபார்மிஸில் மூன்றும் மூன்றும். சயனெல்லா ஆல்பாவில் இன்னொரு வேடிக்கை: சில பூக்களில் சூல்தண்டு இடப்பக்கம் வளைந்திருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். இடவலமாக நிற்கும் மகரந்தத்தாளும் சூல்தண்டும் பூச்சியின் எதிரெதிர் பக்கங்களில் படும். ஒரு பூவின் மகரந்தம் எதிர்வகைப் பூவுக்குப் போய்ச் சேர இந்த ஏற்பாடு.

மகரந்தப்பைகளின் நுனியில் இன்னும் நெருங்கிப் பாருங்கள். பெரும்பாலான பூக்களில் பை நெடுக்காக வெடித்து மகரந்தம் வெளியே பரவியிருக்கும். இங்கே அப்படி இல்லை. நுனியில் சிறு துளை மட்டுமே. உப்புத்தூவியைக் குலுக்கினால்தான் உப்பு விழுவது போல, அதிர்ந்தால்தான் மகரந்தம் வெளிவரும். தேனீக்களில் சில வகைகள் மகரந்தப்பையைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரத்தின் சுருதி சட்டென்று உயர்வது காதுக்கே கேட்கும். தேனீ வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

எனவே விதை வேண்டுமென்றால் அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். தூரிகையால் தடவுவதில் பெரிய பயனில்லை. துளைக்குள் இருப்பது தூரிகையில் ஒட்டாது. பூவுக்குக் கீழே கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஓர் இசைக்கவையைத் தட்டி மகரந்தத்தாளின் அடியில் தொடுங்கள். பொடி விழுவது அட்டையில் தெரியும். இசைக்கவை இல்லாவிட்டால் மின்சாரப் பல்துலக்கியின் பின்புறமும் இதைச் செய்யும். விழுந்த மகரந்தத்தைத் தூரிகை நுனியில் எடுத்து வேறொரு செடியின் சூல்முடியில் வையுங்கள். ஒரே கிழங்கின் சேய்களான செடிகள் மரபில் ஒன்றே. வேறு மூலத்திலிருந்து வந்த செடியோடு மாற்றிச் சேர்த்தால் விதையும் திடமாக இருக்கும், மரபு வளமும் குறுகாது. உலர்ந்த, வெயிலுள்ள நண்பகலில் செய்யுங்கள். ஈர நாளில் மகரந்தம் கட்டிக்கொள்ளும்.

படி 7: விதையும் உறக்கமும்

காய் பழுப்பேறி உச்சியில் பிளவு தெரிந்ததும் பறித்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் விதை பொடிக்கல்லுக்குள் உதிர்ந்துவிடும். இலையுதிர் காலம்வரை காகித உறையில் வைத்திருந்து, நடவுக்கான அதே கலவையில் தூவி, மேலே நான்கைந்து மில்லிமீட்டர் பொடிக்கல் இடுங்கள். ஐந்து முதல் பதினைந்து டிகிரி, இரவு பகல் வேறுபாட்டோடு. சூடேற்றும் தட்டு வேண்டவே வேண்டாம். வெப்பம் இவற்றுக்குக் கோடை வந்துவிட்ட அறிகுறி. முதல் ஆண்டு புல்லிழை போல ஒற்றை இலைதான் வரும். அதைப் புல் என்று பிடுங்கிவிடாதீர்கள். நாற்றுகளைப் பிரிக்காமல் இரண்டு பருவம் அதே தொட்டியில் விடுங்கள். முதல் பூவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

உறக்கத்தில் நீரை முழுதாக நிறுத்த வேண்டும் என்பது சரி, ஆனால் இரண்டு தவறான எல்லைகள் இருக்கின்றன. மழை படும் இடத்தில் தொட்டியை விடுவது ஒன்று. கொதிக்கும் சுவரோரத்தில் வைத்து வறுப்பது மற்றொன்று. மலைச்செடியான டெக்கோஃபிலியாவுக்குக் கோடையிலும் மண் சற்று குளிர்ந்தே இருக்க வேண்டும். நிழலான, காற்றோட்டமுள்ள இடம், 20 முதல் 25 டிகிரிக்குள். பாலைவனத்துச் செஃபைராவும் ஆப்பிரிக்கச் சயனெல்லாக்களும் இதைவிட வெப்பத்தைத் தாங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நல்ல உறக்கத்தில் தொட்டியைக் கொட்டிப் பாருங்கள். தாய்க்கிழங்கின் அடியில் வற்றிய பழைய தட்டு ஒட்டியிருக்கும், அதை நீக்குங்கள். சேய்க்கிழங்குகள் இருந்தால் பிரித்து வேறு தொட்டியில் இடுங்கள். டெக்கோஃபிலியா இவற்றை ஓரளவு தருகிறது; சயனெல்லா கஞ்சம், அதற்கு விதைதான் வழி. உறை கழன்ற கிழங்குகளைக் கைவில்லையால் பார்த்து, மாவுப்பூச்சி தெரிந்தால் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிட்டு நடுங்கள்.

தொல்லைகள்

தேங்கிய ஈரக்காற்றில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்; பூ வாடியதும் கிள்ளி அகற்றுவதும் காற்றோட்டமும் மருந்தைவிடப் பயன் தரும். நத்தைகள் ஒரே இரவில் முளையை அறுத்துவிடும். எலிகளுக்கு இந்தக் கிழங்குகள் விருந்து, மனிதர்களே சுட்டுத் தின்றவை அல்லவா. தொட்டியின் மேல் கம்பிவலை போடுங்கள். அசுவினி வைரஸைக் கொண்டுவரும்: இலையில் வெளிறிய கோடுகளும் பூவில் நிறத்திட்டுகளும் கண்டால் அந்தச் செடியை எரித்துவிடுங்கள், அது எவ்வளவு அரிய வடிவமாக இருந்தாலும்.

குளிர்காலம் இல்லாத இடங்களில்

இரவு வெப்பம் ஒருபோதும் 15 டிகிரிக்குக் கீழே வராத இடத்தில் டெக்கோஃபிலியாவை வாங்குவது வீண். குளிர்பதனப் பெட்டியில் கிழங்கை வைத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். முளை வந்த பிறகு மூன்று மாதம் குளிர்ந்த வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது? ஓரளவு குளிர் உண்டு, உறைபனி இல்லை என்றால் சயனெல்லா ஹயசிந்தாய்ட்ஸை முயன்று பார்க்கலாம்.

வெப்பமண்டலத்துக்கு உரியது சயனாஸ்ட்ரம் கார்டிஃபோலியம்தான். இதற்கு மேலே சொன்னவற்றில் பாதியை மறந்துவிடுங்கள். இலைமக்கு மிகுந்த, ஈரம் தாங்கும், ஆனால் நீர் தேங்காத மண். நேர் வெயில் கூடாது. மர நிழல் போன்ற சிதறிய வெளிச்சம். வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. கிழங்கை ஆழமாகப் புதைக்காமல் மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நடுங்கள். இலை விட்டதும் ஈரத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் குறையாமல் வைத்திருங்கள். இலைகள் மஞ்சளாகி ஓய்வுக்குப் போனால் நீரைக் குறைக்கலாம். ஆனால் மழைக்காட்டுத் தரை ஒருபோதும் தூசியாகக் காய்வதில்லை என்பதால், அந்த வாரங்களிலும் மண்ணைத் தொட்டால் ஈரம் தட்டுப்பட வேண்டும்.

கோடை மழை வாலெரியாக்கள் கிடைத்தால், மழைத் தொடக்கத்தில் ஆழமான தொட்டியில் நட்டு, தண்டு சாயாமல் இருக்கக் குச்சி கொடுங்கள். மழை மாதங்களில் தாராளமாக நீர், வறண்ட மாதங்களில் முழு ஓய்வு. பூக்கள் கூம்பாகக் குவிந்த மகரந்தப்பைகளோடு கத்தரிக் குடும்பத்துப் பூக்களை ஒத்திருக்கும். அதே துளை, அதே அதிர்வு என்பதால் இசைக்கவையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.